முதல் அத்தியாயம்

பதிப்பாளர் கேட்கிறார்:
சின்ன வயதில் ஏதாவது நடந்திருக்குமே,
அங்கிருந்து தொடங்குங்களேன்.

நடந்திருக்கிறது.
ஃபிரீஸ்லாந்தில் ஒரு கால்வாய், அதன்மேல் ஒரு தூக்குப்பாலம்.
வீப்ரன் ஹொய்டிங்கா சங்கிலியை இழுக்க
பாலம் முனகிக்கொண்டே எழுந்து நிற்கும்.
உருளைக்கிழங்குப் படகுகள் அடியில் நகரும்.
சுங்கம் வாங்குவது மகள் பவ்கியே, எட்டு வயது.
தூண்டில் கழி. அதன் கயிற்றில்
பெருவிரல் பக்கம் பிளந்துபோன ஒரு மரச்செருப்பு.
படகுக்கு மேலே அதை ஆட்டிவிடுவாள்.
இரண்டு சென்ட் விழும்.
சில நாள் பொத்தான் விழும்.

மரத்தில் விழுந்தால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே சத்தம்.
ஆனால் காசு போடுகிறவன் செருப்பைப் பார்க்கிறான்,
குறி தப்பக்கூடாதே என்று.
பொத்தான் போடுகிறவன்
அவள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறான்.
இதைக் கண்டுபிடித்த பிறகு
சிரிப்பவர்களிடம் மட்டும்
கழியை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குள் வந்து சேர்ந்தவற்றை
அம்மா வீணாக்கவில்லை.
அண்ணன் லோல்க்கேயின் சட்டையில்
ஐந்து படகுக்காரர்களின் பொய்
மேலிருந்து கீழாக, ஒன்று பித்தளை.

அந்தச் சட்டையோடு அவன்
ஸ்னேக் நகரத்துக்கு லத்தீன் படிக்கப் போனான்.
கட்டணம் ஒருவனுக்குத்தான் இருந்தது.
சனிக்கிழமை இரவு அவன் தூங்க,
வினைச்சொற்களை அவள் திருப்பிப்போட்டு எழுதினாள்,
அவன் கையெழுத்தில், அவன் செய்யக்கூடிய
இரண்டு பிழைகளையும் சேர்த்து.
ஆண்டிறுதியில் அவனுக்குப் பரிசு.
அடுத்த ஆண்டு ஹெரிங் மீன் கப்பலில் ஏறிவிட்டான்.
புத்தகம் வீட்டில் கிடந்தது.

க்ரோனிங்கன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்து.
சோதனைக்கூடத்தில் ஒரே பெண், வயது இருபத்து நான்கு.
மணி அடித்தால் சாவியை அழுத்த வேண்டும்,
அவ்வளவுதான் வேலை.
நொடியை ஆயிரமாகக் கூறுபோடும் கடிகாரம்
எதிரே முறைத்துக்கொண்டிருந்தது.
அவள் மணிக்கு முன்பே அழுத்தினாள்.
மறுபடியும். மறுபடியும்.
உதவியாளன் தாளில் குறுக்காகக் கோடிழுத்தான்:
பயன்படாது.

மணி அடிப்பதற்கு முன்
உள்ளே ஒரு சுருள்வில் மூச்சு வாங்குவது
வேறு யாருக்குமே கேட்கவில்லையா என்று
அவள் கேட்டது
குறிப்பேட்டில் இல்லை, ஒரு கடிதத்தில் இருக்கிறது.
அடித்த தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.
வருவதற்கு முன்பே வந்துவிட்டதாக
உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்று
முப்பத்தேழு ஆண்டு எழுதினாள்.

பாருங்கள், எவ்வளவு வாகாகப் பொருந்துகிறது!
பாலம், சங்கிலி, செருப்பு, சுருள்வில்.
நானும் மகிழ்ச்சியாக நூற்றிருபது பக்கம் போனேன்.

பிறகு அந்த ஒலிநாடா கிடைத்தது.
எழுபத்தொன்பது வயதுக் குரல்.
வானொலிக்காரர் பொத்தான்களைப் பற்றி
ஆசை ஆசையாகக் கேட்கிறார்.
ஒரு கோப்பை வைக்கப்படும் சத்தம்.

"கோர்ப்பது உங்கள் தொழில், கோர்த்துக்கொள்ளுங்கள்.
எனக்கு நினைவிருப்பது குளிர்.
விரல் கணுவில் வெடிப்பு.
அப்புறம், லோல்க்கே பெயரில் வாங்கிய அந்தப் பரிசு.
நான் பள்ளிக்கூடம் போனபோதெல்லாம்
என் தங்கை வீட்ஸ்கேதான் கழியைப் பிடித்தாள்.
ஆறு வருஷம். அதே செருப்பு, அதே பொத்தான்.
அவள் போல்ஸ்வார்டில் பாலாடைக்கட்டி விற்றாள்.
அவளிடம் யாராவது
ஒலிவாங்கியை நீட்டினீர்களா?"

பிறகு வெகுநேரம் நாடா
வெறுமனே சுற்றுகிறது.

பதிப்பாளருக்கு எழுதிவிட்டேன்,
முதல் அத்தியாயம் தாமதமாகும் என்று.
போல்ஸ்வார்டில் இருக்கிறேன்.
மழை. சந்தைக்குப் பின்னால் மூன்று தெருக்கள்.
எந்தக் கடை என்று
இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.