பதினேழாவது வளைவு

ஏற்காடு ஏற்றத்தில், பதினேழாவது வளைவில்
ஆவி கக்கி நின்றது ஜீப்.
மூன்றாம் முறை கேஸ்கட்.

கொண்டலாம்பட்டிப் பட்டறையில்
ஹெட்டைக் கழற்றி வைத்து ஜெயசீலன் கேட்டான்:
'போல்ட்டா ஸ்டட்டா, சொல்லுங்கக்கா.'

போல்ட் முறுகிக்கொண்டேதான் இறங்கும்,
கழற்றும்போதெல்லாம்
பிளாக்கின் மரையைக் கொஞ்சம் தின்னும்.
ஸ்டட் விரலிறுக்கத்தில் நிற்கும்.
நட்டு மேலே திருக, அது இழுபடும்;
முறுகாது.

'ஆனா அடுத்த தடவை
ஹெட்டை நேரா மேலே தூக்கணும்.
இடமில்ல. இன்ஜினையே இறக்கணும்.'

அடுத்த தடவை என்று
அவன் சொன்ன உறுதி எனக்குப் பிடிக்கவில்லை.
ஸ்டட் என்றேன்.

நடுவிலிருந்து வெளிப்பக்கமாய்
டார்க் ரெஞ்ச் டிக், டிக்.

உர மூட்டை ஆறு.
பதினேழில் இரண்டாம் கியர்.
பாட்டை அணைத்தேன்.
முள் நடுவில்.

பதினெட்டு.