இரவல் நாற்காலி

கீழ்க்கடை ஹாட்வெயார் முதலாளியிடம்
ஐந்து நாற்காலி கேட்டேன்.
"கலியாணமா?" என்றார்.
"கந்தோர் ஆக்கள்" என்றேன்.
விலைச்சீட்டைக் கிழிக்காமல் பாவிக்கச் சொல்லி
மாடிவரை அவரே தூக்கிவந்து தந்தார்.

நாலு வருசமாய்
என் காதுக்குள் குடியிருந்த குரல்கள்
சனிக்கிழமை ஹட்டன் பிளாட்போமில் இறங்கின,
இரண்டரை மணிநேரம் பிந்தி,
ஆளுக்கோர் உடம்பை மாட்டிக்கொண்டு.
றிஸ்மியா இத்தனை உயரமென்று
யாரும் சொல்லவில்லை.
கட்டைக்குரல் கௌரிதாசன்
என் தோளுக்குக் கீழே நின்று
சுவெட்டருக்குள் நடுங்கினான்.
மன்னார் வெயிலில் வளர்ந்த டெலீசியா
இருட்டியதும் படிக்கட்டில் போய் நின்று
வாயைத் திறந்து திறந்து
தன் மூச்சு புகைவதைப் பார்த்தாள்.

பிறகு நிலங்க.
தை மாதம் முழுக்க அவனோடு சண்டை.
ஒரு கணக்குத்தாள், பதினேழு மின்னஞ்சல்,
கடைசியில் ஒரு "நன்றி"
கல்லைப்போல வந்து விழுந்தது.
அவன்தான் இப்போது
கேட்காமலே என் குசினிக்குள் புகுந்து
வெங்காயம் வெட்டுகிறான்,
விரலையும் கொஞ்சம்.
அவனுடைய தமிழும் என் சிங்களமும்
அரைகுறையாய்ச் சந்தித்த இடத்தில்
அந்தப் பதினேழைப் பற்றிப் பேச்சே வரவில்லை.
"உப்பு?" என்றான்.
"கொஞ்சம்" என்றேன்.

இரவு ஐந்து பேரும் ஒரேயடியாய்ப் பேசினோம்.
எவர் வாயையும் அடைக்க
ஒரு பொத்தானும் இல்லை.
ரொட்டி சுட்டு முடியுமுன் சம்பல் முடிந்தது.
சுடுதண்ணீர் இரண்டாம் ஆளோடு கைவிட்டது.
ஒரு மணிக்கு யாரோ குறட்டை விட,
"கூட்டங்களில் இந்தக் குரல் கேட்டதில்லையே"
என்றாள் றிஸ்மியா.
இருட்டே குலுங்கிச் சிரித்தது.

ஞாயிறு காலை
டெவன் அருவி பார்க்கப் போனோம்.
பனி மூடியிருந்தது. சத்தம் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.
"பின்னால மங்கலாக்கினது யார்?" என்று
கௌரிதாசன் கேட்க,
அந்த வெள்ளைக்கு முன்னால் நின்று
நாற்பது படம் எடுத்தோம்.

இதற்குள் குணசுந்தரி.
கட்டாரிலிருந்து பன்னிரண்டு நாள் லீவு.
பதினோராம் நாளில்
பொகவந்தலாவை பஸ் வரும்வரைக்கும் எனக்கு.
நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது
அவள் கையில் ஒரு டின் பால்மா,
மூன்று சவர்க்காரம்.
முகத்தில் வேறு ஏதோ.
"என்னடி?"
"ஒண்ணுமில்ல. ஒங் கூட்டாளிங்க காத்திருப்பாங்க, போ."
போகவில்லை. ஆனால் போன் அடித்தது.
சாவி எங்கே என்று டெலீசியா.
மிதியடிக்குக் கீழே, மிதியடிக்குக் கீழே,
இல்லை, மற்ற மிதியடிக்கு,
என்று நான் சொல்லி முடிக்க
பஸ் வந்து நின்றது.
மிதிபலகையில் ஏறித் திரும்பினாள்.
"அவரு இப்ப எங்ககூட இல்லடி."
கொண்டக்டர் தகரத்தில் தட்டினான்.

இரண்டு நாளாய்
சாப்பிட்டாயா, குளிருதா, போர்வை போதுமா என்று
எல்லாரையும் கேட்டுத் தேய்ந்த வாயில்
ஒரு சொல் இல்லை.
கையைத் தூக்கினேன்.
இன்னொரு பஸ் தனக்கென்று நினைத்து
வேகம் குறைத்துவிட்டுப் போனது.

மாலை ரயிலில் எல்லாரையும் ஏற்றிவிட்டேன்.
யாருடையதோ ஒற்றைக் காலுறை
கட்டிலுக்கடியில் கிடந்தது.

திங்கள் எட்டரைக்கு
மறுபடி சதுரங்களில் முகங்கள்.
றிஸ்மியாவின் உயரம் எங்கே போனதோ.
நிலங்க கையசைத்தான், விரலில் பிளாஸ்டர்.
என் கத்தி அது என்று
பெருமைபோல ஏதோ வந்தது எனக்கு.

பகல் சாப்பாட்டு நேரத்தில்
நாற்காலிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
முதலாளி எண்ணினார்.
"ஒண்ணு கொறையுதே?"
"அதுக்குக் காசு தர்றேன்."

மேலே வந்தேன்.
இன்றிரவுதான் அவளுக்கு பிளேன்.
பொகவந்தலாவையில் சிக்னல்
இருந்தால் இருக்கும்.
ஜன்னலோரம் விலைச்சீட்டு ஆடும் நாற்காலியில்
உட்கார்ந்து எண்ணை அழுத்தினேன்.
மணி போகிறது.