பதம்

செவ்வாய் ராத்திரி ஒடுகத்தூர் பக்கம் மழை.
எங்கள் கொல்லையில் விரல் நீளம் நனைந்து
அதற்குக் கீழே அதே பழைய காய்ச்சல்.

வியாழன் காலை முனிரத்தினம்
ரொட்டவேட்டர் மாட்டிக்கொண்டு வந்தான்.
"மணிக்கு ஆயிரத்து இருநூறு, அமுலக்கா.
மாவு மாதிரி ஆக்கித் தரேன்."
மாவு வீட்டில் இருக்குடா,
எனக்கு மண் வேணும்.

ஒரு பிடி அள்ளி உருட்டினேன்.
இடுப்பு உயரத்திலிருந்து போட்டேன்.
உடையவில்லை,
சாணி மாதிரி சப்பென்று ஒட்டியது.
நாளைக்கு வாயேன் என்றேன்.
நாளைக்கு அணைக்கட்டாம்,
நாளான்னிக்குப் பள்ளிகொண்டாவாம்.

போன வருஷம் அவன் அவசரத்துக்கு ஓட்டினேன்.
கட்டி கட்டியாய்ப் பெயர்ந்து செங்கல்லாகி,
இடுக்கெல்லாம் காற்று புகுந்து
இருந்த ஈரத்தையும் குடித்துவிட்டுப் போனது.

வண்டி பக்கத்துக் கொல்லைக்குத் திரும்பியது.
கன்னியப்பன் கையசைத்துக் கூப்பிட்டார்.
மத்தியானம் வரை அந்தச் சத்தம்,
ஒவ்வொரு சுற்றுக்கும் என் வயிற்றில் ஒரு சுற்று.

பேர்ணாம்பட்டு தோல் கம்பெனியிலிருந்து போன்:
"உழுதாச்சா?"
"இல்ல."
"பின்ன என்ன பண்ற?"
மண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன் என்று
எப்படிச் சொல்ல?

வெள்ளி சாயங்காலம் உருண்டை
விழுந்து மூன்றாய் உடைந்தது.
வண்டி இல்லை.

அறுத்த சாமைத் தாள் அப்படியே நிற்கிறது.
அதன் தூரடியில் விரல் விட்டால் சில்லென்கிறது.
தாளைத் தொடாமல்
நடுவே களைக்கொத்தால் கோடு கிழித்து
கேழ்வரகு தூவி மூடினேன்.
இருட்டுவதற்குள் பதினொரு வரிசை.
மீதி ஒரு ஏக்கர் சொச்சம்.

ஜவ்வாது மலைமேல் மின்னியது.
இரு, என்றேன்.
மழையிடம் இப்படிச் சொன்னது
இதுதான் முதல் தடவை.