கூடை மண்

நகரியிலிருந்து ஆறு கல் தள்ளி
நொச்சிபேட்டில் அந்த மேடு.
தமிழில் கேட்டால் கோட்டைமேடு,
தெலுங்கில் கேட்டால் கோட்டதிப்ப.
தெற்குச் சரிவில் நின்றால் என் கைபேசி
தமிழ்நாடு என்கிறது.
உச்சியிலிருக்கும் ஒற்றை விடத்தலை மரத்தருகே
ஆந்திரா வரவேற்கிறது.
ஒரே நாளில் ஒன்பது முறை எல்லை தாண்டினேன்,
அளவு நாடாவோடு.

மேற்குப் பக்கத்தைச் செங்கல் சூளைக்காரர்கள்
தின்று முடித்திருந்தார்கள்.
மீதியைத்தான் தோண்ட அனுமதி.
உள்ளே அரண்மனை இருக்கிறது என்றார்
தோப்புக்கார ரெட்டெப்பா.
புதையல் என்றது டீக்கடை.
வந்தது இதுதான்:
கூரை ஓட்டுச் சில்லு நானூற்றுப் பன்னிரண்டு,
இரும்புக் கசடு ஒன்றரைச் சாக்கு,
நகக்கண் அளவில் பச்சைச் சீனப் பீங்கான்,
ஈரச் செங்கல்மேல் ஒரு நாய்
குறுக்கே ஓடிப்போன தடம்.
ராஜாவைக் காணோம்.

என் வேலை வரைவது.
குழியின் சுவரைக் கரண்டியால் சீவி,
பூச்சிமருந்து பம்பில் தண்ணீர் பீய்ச்சி,
நிறம் எழும்பி நிற்கும் சில நிமிடங்களுக்குள்
ஆணி, நூல், தூக்குக்குண்டு,
தாளில் ஒன்றுக்குப் பத்து.
முதல் அடுக்கு மாந்தோப்பு.
இரண்டில் யாரோ கேழ்வரகு விதைத்திருக்கிறார்கள்.
ஆறு வரை சிக்கலில்லை.
ஏழு, மதில்.

ஏழு ஒரே மண்ணாக இல்லை.
செம்மண் ஒரு குவியல்,
அதன் தோளில் சாய்ந்து ஏரி வண்டல், கறுப்பாய்,
அதற்கு மேல் சுக்கான்
மாவு சிந்தியதுபோல் வெளுத்து,
கவிழ்த்த கிண்ணங்கள், கண்ணுக்கெட்டிய வரை.
கூடை கூடையாகக் கொட்டியது
கொட்டியபடியே இருந்தது.
திமிசு போட்டு இறுக்கியும்
ஓரங்கள் அழியவில்லை,
எழுநூறு வருட மழைக்கும்.

ஒவ்வொன்றாக வரைய வேண்டாம்,
நிரப்புமண் என்று எழுதிக் கோடு போட்டுவிடு
என்றார் இயக்குநர். அதுதான் வழக்கம்.

மண் அள்ள வந்த முனிலட்சுமி
சும்மாட்டை எடுக்காமலே எட்டிப் பார்த்தாள்.
இறங்கினாள். தன் கூடையைக்
கறுப்புக் குவியல் ஒன்றின்மேல் வைத்துப் பார்த்தாள்.
கூடை பெரிது.
சிவப்பில் வைத்தாள். அங்கேயும்.
"இது பிள்ளலு மோசினது, மேடம்."

சுமந்தது என்று மனசு மாற்றிச் சொல்லும் முன்பே
கை நாடாவை விரித்துவிட்டது.
குறுக்கே இருபத்தொன்று. பத்தொன்பது. இருபத்திரண்டு.
அவளுடையது முப்பத்தெட்டு.
பெரியவர்களும் சின்னக் கூடை தூக்கியிருக்கலாமே,
ஏற்றம் செங்குத்தாக இருந்தால்,
ஏரி தூரமாக இருந்தால்?
சான்று வேண்டும் என்று பழகிய வாய் கேட்டது.

அவள் தலையைக் குனிந்து உச்சியைக் காட்டினாள்.
எட்டணா அளவுக்கு முடியில்லாத இடம்.
"சத்தியவேட்டுச் சூளை. ஏழு வயசு எனக்கு.
எங்க அளவுக்குன்னு
தனியா முடைஞ்சு வெச்சிருப்பாங்க."
சொல்லிவிட்டு மண்ணைத் தூக்கிக்கொண்டு போனாள்.
மணி பதினொன்று.
டீ இன்னும் வரவில்லை.

அன்று இருட்டும் வரை வரைந்தேன்.
ஒரு மீட்டர் அகலத்தில் அறுபத்து மூன்று.
ஈரம் காயக் காய மறைந்தன,
பம்ப் அடிக்க அடிக்க
வந்தார்கள்.

அறிக்கையில் ஏழுக்கு ஒரு வரி.
அடிக்குறிப்பில் கூடையின் அளவை மட்டும் சேர்த்தேன்.
சுமந்தவர் வயது என்று
படிவத்தில் கட்டம் கிடையாது.

ஐப்பசி மழைக்கு முன் குழியை மூடினோம்.
தார்ப்பாய் விரித்து, எடுத்த மண்ணையே
திரும்பக் கொட்டினார்கள் எட்டுப் பெண்கள்.
கடைசிக் கூடையைக் கவிழ்த்துவிட்டு
முனிலட்சுமி கேட்டாள்:
கூலி இந்தப் பக்கத்துக் கணக்கா,
அந்தப் பக்கத்துக் கணக்கா?

விடத்தலைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.
கைபேசி மறுபடி வரவேற்றது.