ஆயிரம் கிலோமீட்டருக்கு அறுநூறு மில்லி

நாரினிலிருந்து பிஷ்கெக் கிளம்பும் விடியல்களில்
நான் முதலில் பார்ப்பது வானத்தை அல்ல,
வண்டிக்கு அடியில் கிடக்கும் பனியை.
கறுப்புச் சொட்டு ஒன்றும் இல்லை.
அப்படியானால் ஒழுகவில்லை,
குடிக்கிறது.

பானெட்டைத் தூக்கி ஆயில் குச்சியை உருவுவேன்.
முதல் தடவை வருவதை நம்பக் கூடாது,
குழாயின் சுவரெல்லாம் பூசிக்கொண்டு வரும்.
துடைத்து, அடிவரை இறக்கி, மறுபடி உருவினால்
இரண்டு கோடுகளுக்கு நடுவே
எங்கோ ஓரிடத்தில் மினுமினுப்பு நின்றுபோகும்.
அங்கேதான் இருக்கிறோம், நானும் வண்டியும்.

கொச்கோரில் மற்ற டிரைவர்கள் சிகரெட் பிடிக்கும்போது
நான் எஞ்சினை அணைத்துவிட்டு
ஒரு கோப்பை தேநீர் ஆறும்வரை காத்திருப்பேன்,
மேலே ஏறிய ஆயில் கீழே வந்து சேரட்டும் என்று.
பின் சீட்டுக் கிழவர் கண்ணாடியை இறக்குவார்:
"ஏதாவது கோளாறா, மகளே?"
"இல்லை. கணக்கு."

காலையில் சாவியைத் திருப்பியதும் ஒரு வாய் நீலப் புகை,
பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கும்.
அது வால்வு சீல். ரப்பர் இறுகிவிட்டது,
இராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாய் உள்ளே விட்டிருக்கிறது.
தோலோன் கணவாய் ஏறும்போது
கண்ணாடியில் விடாமல் தொடரும் புகை வேறு.
அது பிஸ்டன் வளையம்.
என் வண்டிக்கு இரண்டும்.
"பிரித்தால்தான் தெரியும்" என்றான் மெக்கானிக் ஷெய்ஷென்.
அவன் சொன்ன தொகைக்கு இன்னொரு வண்டியே வாங்கலாம்.

ஆகவே ஒரு கட்டம் போட்ட நோட்டு.
தேதி, ஓடிய தூரம், ஊற்றியது.
முதல் குளிர்காலம் ஆயிரத்துக்கு இருநூறு மில்லி.
போன கோடை நானூறு.
இப்போது அறுநூறு.
நடுவில் ஒரு பக்கத்தில் சிவப்புப் பேனாவில்:
"வளைவில் விளக்கு எரிந்தது. இனி விளக்கை நம்பாதே."
அந்த விளக்கு அளவைச் சொல்வதல்ல.
அழுத்தம் விழுந்த பிறகு அலறுவது.

பிப்ரவரியில் விற்கலாம் என்று முடிவு.
மச்சான் ஒமுர்சாக் வழி சொன்னான்:
"கெட்டி ஆயில் ஊற்று. ஆள் வருவதற்குமுன்
அரை மணி ஓட்டிச் சூடாக்கி வை.
சூட்டில் புகை அடங்கிக் கிடக்கும்."
ஆறு மணிக்குச் சாவியோடு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன்.
மூச்சு கண்ணாடியில் உறைந்தது.
ஆறே முக்கால். ஏழு.
திருப்பவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்,
கை குளிரில் விறைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வந்தவன் பேர் தாலாய்பெக்.
வணக்கத்துக்கு முன் கையுறையைக் கழற்றி
பானெட்டில் உள்ளங்கையை வைத்தான்.
பனிக்கட்டி.
தலையை ஆட்டிக்கொண்டு "போடுங்கள்" என்றான்.
போட்டேன்.
நீலம் எழுந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது,
கூப்பிடாமல் வந்த மூன்றாம் ஆள் போல.

நோட்டை நீட்டினேன்.
வண்டியைப் பார்த்ததைவிட அதிக நேரம் அதைப் படித்தான்.
முப்பதாயிரம் சோம் குறைத்தான். பேரம் பேசவில்லை நான்.
நோட்டையும் கேட்டான்.
யார் யார் எனக்குப் பயணக் காசு பாக்கி என்ற
கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்துக்கொண்டு கொடுத்தேன்.

ஏப்ரலில் ஒரு குறுஞ்செய்தி.
பேர் இல்லை, நலமா இல்லை.
"அறுநூற்று நாற்பது."

பதில் எழுதினேன்:
"சமதரையில் நிறுத்திப் பார்த்தாயா?"