பதினேழாவது வளைவு

நாமக்கல்காரனிடம் நாலு வாங்கிய சாயங்காலம்
அம்மாப்பேட்டை பாவாயி அக்கா கடையில்
தட்டுவடை செட்டும் கையுமாக நின்று
அணியைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தோம்.

"தியோடர் போகட்டும்" என்றார் அர்த்தநாரி,
ஏற்காடு வண்டி கண்டக்டர்,
டியூட்டிக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.
"ஆறு ஆட்டம். ஒரே ஒரு டிரா.
அதுவும் மழை போட்ட பிச்சை."

முஸ்தாக் மறுத்தான்.
தட்டில் பத்துத் தட்டையை அடுக்கினான்.
பின்னால் நாலு, நடுவில் நாலு, முன்னால் ரெண்டு.
கோலுக்கு ஒரு வெங்காயத் துண்டு.
"அவர் கணக்கு சரிதான். ஓட வேண்டியவன் ஓடலை."
"ஓடாதவனை எதுக்கு இறக்கணும்?" என்று
லெஃப்ட் பேக்கை எடுத்துக் கடித்தார் சித்தேஸ்வரன்,
கொலுசுப் பட்டறைக்காரர்.
"பத்தவெச்சது விட்டுப்போனா
பட்டறையைத்தான் கேப்பாங்க.
வெள்ளியையா கேப்பாங்க?"

"புது ஆளுக்குச் சம்பளம்?
இவருக்கே மூணு மாசம் பாக்கி."
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
"உங்க பாக்கியும் இருக்கு" என்றாள் பாவாயி அக்கா
சட்னி வாளியைக் கலக்கியபடி.

நானும் பேசினேன்.
மருந்துக்கடையில் நாள் முழுக்க
அடுத்தவர் கையெழுத்தைப் படிக்கிறவள்.
சொந்தமாய் ஒரு கருத்து கிடைத்தால் விடுவேனா?
"குப்புராஜைக் கோல்ல நிறுத்துன அன்னைக்கே
அவரை அனுப்பியிருக்கணும்.
அவன் ரெண்டு காலுக்கு நடுவுல
பந்தென்ன, நெல்லு லாரியே போகும்."
சிரித்தார்கள்.
அர்த்தநாரி தன் காரச் சட்னியில் பாதியை
என் தட்டுக்குத் தள்ளிவிட்டார்.
எனக்குப் பெருமையாக இருந்தது.

கை தூக்கினோம். ஒன்பதுக்கு நாலு.
பார்த்தால் தட்டில் மொத்த அணியும்
நொறுக்கலாகிக் கிடந்தது.

கடைசி வண்டி. கோரிமேட்டில் ஏறினார் தியோடர்,
தோளில் வலைப்பையில் ஏழு பந்துகளோடு.
என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்,
வெளியே ஏதோ இருப்பதுபோல.
அர்த்தநாரி டிக்கெட் கிழித்தார்.
"லக்கேஜ் வேண்டாம் சார்" என்றார்,
சில்லறையை இரண்டு தடவை எண்ணினார்,
பிறகு டிரைவரிடம் போய் நின்றுகொண்டார்.

மூன்றாவது வளைவில் வலை அறுந்தது.

வண்டி இடப்பக்கம் ஒடிக்க
ஏழும் வலப்பக்கம் உருண்டன.
வலப்பக்கம் ஒடிக்க இடப்பக்கம்.
காப்பி எஸ்டேட் ஆட்கள் காலால் நிறுத்தினார்கள்.
கூடையில் சேவல் வைத்திருந்தவர் தாண்டிக் குதித்தார்.
ஒரு பள்ளிக்கூடப் பெண், அப்பன் அதட்ட அதட்ட,
குதிகாலால் பின்னுக்குத் தட்டினாள், சுத்தமான பாஸ்.
தியோடர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.
"இடதுல வருது! விடாதே, கிட்ட போ, கிட்ட போ!"
ஆறு மேட்ச் பார்த்தவள் சொல்கிறேன்,
மைதானத்தில் இந்தக் குரல் கேட்டதே இல்லை.
இல்லை, நாங்கள் போட்ட சத்தத்தில்
கேட்காமலும் இருந்திருக்கலாம்.

பதினாறில் ஆறு பந்துகள் பைக்குள் வந்துவிட்டன.
பதினேழில் கடைசிப் பந்து
படிக்கட்டை நோக்கி வந்தது,
மெதுவாகத்தான்.
"நீங்கதான்மா!" என்றார்.
எழுந்தேன். கால்களைச் சேர்த்தேன்.
சேர்த்தேன் என்றுதான் நினைத்தேன்.

மூடாத கதவு. இருட்டு.
கீழே எங்கோ ஒரு தரம், தள்ளி இன்னொரு தரம்
சத்தம் கேட்டது.
அதற்கும் கீழே சேலம் முழுக்க விளக்கு.

அர்த்தநாரி விசில் ஊதினார்.
வண்டி நின்றது. டார்ச்சை எடுத்தார்.
"விடுப்பா, போகட்டும்" என்றார் தியோடர்.
அதே வார்த்தை.
அர்த்தநாரி டார்ச்சை அணைக்காமல் நின்றார்,
விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு.

மறுநாள் பாவாயி அக்கா கடையில்
குற்றச்சாட்டில் ஒன்று கூடியிருந்தது.
"ஒரு பந்தைக்கூடப் பத்திரமா வெச்சுக்கத் தெரியாதவர்."
சொன்னவர் சித்தேஸ்வரன். அர்த்தநாரி
என்னைப் பார்த்தார்.
நான் நொறுக்கலுக்கு
இன்னும் கொஞ்சம் காரம் கேட்டேன்.