மற்றவை

பல்கலைக்கழகத்துப் பெண் தந்துபோன தாளில்
இருபத்திரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து வட்டம்.
'மின்பதிவு முறையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.'
முழு மறுப்பிலிருந்து முழுச் சம்மதம் வரை
ஏதாவது ஒன்றைக் கறுப்பாக்க வேண்டும்.
காலை ஏழுக்குள் பெட்டியில் போடச் சொன்னாள்.

மணி இரண்டே கால். ஆறாவது மாடி, பெண்கள் வார்டு.
தூரத்தில் பினாங்குப் பாலத்து விளக்குகள்.
கணினி வண்டியின் இடது சக்கரம்
வாலை மிதித்த பூனைபோல் கத்தும்; அதனால்
ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தபடி தள்ளுவேன்.
இதைப் பற்றிக் கேள்வி எதுவும் இல்லை.

முன்பு கால்மாட்டில் அட்டை தொங்கும்.
டாக்டர் லியூவின் கையெழுத்தை
மருந்தகத்தில் ஒருவர்தான் படிப்பார்,
அவருக்கும் வெள்ளிக்கிழமை விடுப்பு.
ஐந்தா ஐம்பதா என்று விளக்கடியில் பிடித்துப் பார்த்து
வயிறு கலங்கிய இரவுகள் எனக்கு உண்டு.
அந்த நாள் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

ஆனாலும்
நாடித்துடிப்பை முதலில் கையுறையில் எழுதுகிறேன்,
பிறகு பிளாஸ்திரித் துண்டில். அப்புறம்தான் திரையில்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடவுச்சொல் மாற்றச் சொல்கிறது,
பழையதன் சாயல்கூட இருக்கக் கூடாதாம்.
பிள்ளைகள் பெயர் தீர்ந்து, நாயின் பெயரும் தீர்ந்து,
இப்போது ஆயர் ஈத்தாம் மீன்காரர் பெயரில்
உள்ளே நுழைகிறேன்.

பதினோராம் கட்டில், அமராவதி அம்மாள்,
நிபோங் தெபாலிலிருந்து முந்தாநாள் கொண்டுவந்தார்கள்.
நேற்றிரவு கேட்டேன்:
'வலி எவ்வளவும்மா, பத்துக்கு?'
'அத ஏன் எண்ணணும்?'
ஆறு என்று நானே தட்டினேன்.
எப்படிப்பட்ட வலி என்ற இடத்தில் நான்கு சொல் வந்து நிற்கும்.
குத்தல், எரிச்சல், இறுக்கம், இழுப்பு.
தமிழில் சொல்லிக் காட்டினேன். நாலுமில்லை என்றார்.
கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு,
'உள்ள யாரோ கல்லுல துணி தொவைக்கிறாங்க மிஸ்ஸி.
பெரிய துணி. போர்வைன்னு நெனைக்கிறேன்.'

கடைசியில் ஒரு கட்டம் உண்டு: மற்றவை.
நாற்பது எழுத்துக்கு மேல் வாங்காது.
மலாயில் அடித்தேன், வயிற்றுக்குள் யாரோ போர்வை துவைக்கிறார் என்று.
அடித்ததும் கூச்சமாக இருந்தது. அழிக்கப் போனேன்,
சேமித்ததை அழிக்கக் காரணம் கேட்டது.
அதற்குள் ஏழாம் கட்டிலில் மணி.

இன்றிரவு வண்டியைத் தூக்கித் தள்ளிப்போய்த் திறக்கிறேன்.
என் வரிக்குக் கீழே, காலை ஏழு ஐம்பது, நோராசிகின்:
'இன்னும் துவைக்கிறார். இப்போது சின்னத் துணி.'
பிற்பகல் மூன்று இருபது, சியூ லிங்:
'துவைத்தாயிற்று. பிழிகிறார்.'
அதற்கும் கீழே டாக்டர் லியூ,
பதினான்கு வருடத்தில் நான் படிக்க முடிந்த
அவருடைய முதல் வரி:
'பிழிவது எந்தப் பக்கம்? ஸ்கேன் எடுக்கவும்.'

இந்த மூவரோடும் உட்கார்ந்து
நான் ஒரு கோப்பி குடித்ததில்லை.
ஷிஃப்ட் மாறும் கதவில் தோள் உரசிப் போவோம், அவ்வளவுதான்.

அம்மாள் தூங்குகிறார், வாய் சற்றே திறந்து.
ஸ்கேனில் என்ன வருமோ தெரியாது.
விழித்ததும் கேட்டுப் பதிய வேண்டும்,
காயப்போட்டாச்சா என்று.

மணி நாலரை.
பத்தொன்பது கேள்வி வரை நிரப்பிவிட்டேன்,
பெரும்பாலும் நடுவட்டம்.
ஏற்றுக்கொள்கிறேன் என்பதற்கு எதிரே பேனா நிற்கிறது.
ஐந்து வட்டத்துக்கும் அப்பால், தாளின் ஓரத்தில்
சின்னதாக ஒரு கட்டம் போட்டேன்.
உள்ளே என்ன எழுதலாம் என்று நினைப்பதற்குள்
ஏழாம் கட்டில் மறுபடி அழைத்தது.
எழுந்து போனேன்,
சக்கரத்தைத் தூக்க மறந்து.